உள்ளே விட்டிருந்த ஒன்றரை இன்ச்

மார்பக அறுவை சிகிச்சை முடிந்த முதல் மாதத்துக்கு வேண்டிய உடுப்பு கடையில் கிடைப்பதில்லை. கை தோளுக்கு மேல் போகாது, அதனால் தலைவழியாகப் போடுகிற எதுவும் ஆகாது. நெஞ்சில் தையல் இருக்கும். கக்கத்துப் பக்கம் நீர் வடிய ஒரு குழாய், அதன் முனையில் உறிஞ்சும் டப்பா. இதற்கெல்லாம் மேலிருந்து கீழ்வரை முன்பக்கம் திறக்கிற, உடம்பில் ஒட்டாத பருத்தித் துணி வேண்டும். எனக்காகப் பம்பாயில் சயானிலும் தாதரிலும் என் மகள் ஏறி இறங்கிய கடைகளிலெல்லாம் ஜிப் வைத்த நைட்டியைத்தான் எடுத்துப் போட்டார்கள். பால் கொடுக்கும் அம்மாக்களுக்காகத் தைத்தது அது. ஜிப் மார்போடு நின்றுவிடும், போடுவது என்னவோ தலைவழியாகத்தான்.

அதனால்தான் பரண்மேல் இருந்த ட்ரங்குப் பெட்டி இறங்கியது. அதில் இருந்தது எல்லாம் அத்தை தைத்தவை. அத்தை என்றால் என் மாமியார். கல்யாணமாகி திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பம்பாய் வந்தவர். மாமா பரேலில் ஒரு மில்லில் வேலை பார்த்தார். 1982 ஜனவரியில் தொடங்கிய மில் வேலைநிறுத்தத்தில் சுமார் இரண்டரை லட்சம் தொழிலாளர்கள் வெளியே நின்றார்களே, அதில் மாமாவும் ஒருவர். பிறகு அவருக்கு அந்த வேலை திரும்பக் கிடைக்கவில்லை. அத்தையின் கால் மிஷின்தான் அந்த வருஷங்களில் உலை வைத்தது. அக்கம்பக்கத்துக்கு ரவிக்கை, பிள்ளைகளுக்குக் கவுன், மிச்சம் விழுந்த துணியில் வீட்டுக்கு நைட்டி, பாவாடை, ஜிப்பா. 2005 ஜூலை 26 மழையில், சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டிய அன்று, எங்கள் தரைத்தள வீட்டில் கட்டில் முங்கிவிட்டது. பரணில் இருந்ததால் இந்தப் பெட்டி மட்டும் தப்பியது.

மகள் கத்தரிக்கோலை எடுத்ததும் அத்தை கட்டிலிலிருந்து குரல் கொடுத்தார். “ஏளா, வெட்டிராத. முதல்ல பிரிச்சுப் பாரு. உள்ள விட்டிருப்பேன்.”

விட்டிருந்தார். ரவிக்கைகளில் பக்கத் தையலுக்கு உள்ளே இரண்டு புறமும் ஒன்றரை இன்ச். கை ஓரத்தில் ஒரு இன்ச் மடிப்பு. நைட்டி அடியில் 3 இன்ச். பாவாடைகளில் நீளம் விட இரண்டிரண்டு டக் மடிப்பு. தைத்துப் போடுபவள் பருப்பாள், பிள்ளை உண்டாவாள், மறுபடி இளைப்பாள், அக்கா போட்டது தங்கைக்குப் போகும் என்று எல்லாவற்றையும் கணக்கில் வைத்து வெட்டிய துணி. இப்போது வாங்குகிற குர்த்தியை உள்பக்கம் புரட்டிப் பாருங்கள். ஓரத்தில் ஓவர்லாக் பின்னல் தையல் போட்டு, அரை இன்ச்கூட மிஞ்சாமல் நறுக்கியிருப்பார்கள். இறுக்கிப் பிடிக்கலாம், தளர்த்தி விட முடியாது. ஒரு பக்கம் மட்டும் மாறிப்போன உடம்புக்கு அதில் வழியே இல்லை.

கையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. எனக்கு அறுவை சிகிச்சை இடது பக்கம். கக்கத்தில் இருந்த நிணநீர் முடிச்சுகளையும் எடுத்துவிட்டார்கள். இனி அந்தக் கையிலிருந்து நிணநீர் சரியாக வடியாது, வீங்கலாம். சின்னக் காயம் வழியாகக் கிருமி புகுந்தாலும் கை முழுக்கச் சிவந்து, காய்ச்சல் வந்து, ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிடும். அதனால் அந்தக் கையில் ஊசி குத்தக் கூடாது, சூடு படக் கூடாது, கனம் தூக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். ஆஸ்பத்திரி ஊசிக்குச் சொன்னது தையல் ஊசிக்கும் பொருந்தும்தானே.

வலக்கைக்காரர்கள் எம்மிங், அதாவது ஓரத்தை மடித்துக் கைத்தையல், போடுவதைக் கவனியுங்கள். ஊசி இருப்பது வலது கையில். ஆனால் துணிக்கு அடியில் அதன் முனையை வாங்குவது இடது ஆள்காட்டி விரல். முனை வெளியே வந்ததா, இரண்டு இழையை மட்டும் எடுத்ததா என்று அந்த விரல்தான் தொட்டுத் தெரிந்துகொள்ளும். அத்தையின் இடது விரல் நுனி இன்னமும் சொரசொரப்பாகத்தான் இருக்கிறது. விரலுறையை வழக்கமாக ஊசியைத் தள்ளுகிற வலது நடுவிரலில் போடுவார்கள். எனக்கு அது இடது ஆள்காட்டியில் தேவைப்பட்டது. உலோக உறை சரிப்படவில்லை, ஊசி வழுக்குகிறது, முனையும் மழுங்குகிறது. கிழிந்த தோல் பர்ஸிலிருந்து ஒரு துண்டை வெட்டி, விரலைச் சுற்றி வைத்துப் பக்கத்திலும் நுனியிலும் தைத்துக்கொண்டேன். மெல்லிய தோல் என்பதால் முனை பட்டதும் விரலுக்குத் தெரியும், உள்ளே இறங்காது. இடது பக்கம் சிகிச்சை ஆன வலக்கைக்காரர் யாராக இருந்தாலும் ஊசியில் நூல் கோர்ப்பதற்கு முன் இதைச் செய்துகொள்ளுங்கள்.

சரி, துணிக்கு வருவோம்.

பெட்டியில் இருந்ததில் பாதிதான் தேறியது. பழைய பருத்தியைக் கண்ணால் மட்டும் பார்த்து நம்பக் கூடாது. ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் கக்கத்திலும் பின்கழுத்திலும் வியர்வை தின்ற இடங்கள் தெரியும். அதற்கு அப்புறம் இரண்டு கட்டைவிரலையும் அடுத்தடுத்து வைத்து, நேர்நூல் வாக்கில் ஒரு இழு, குறுக்குநூல் வாக்கில் ஒரு இழு. சர்ரென்று சத்தம் வந்தால் அது கைப்பிடித் துணி. கஞ்சி போட்டு மடித்து வைத்தவற்றில்தான் ராமபாணப் பூச்சியின் வேலை அதிகம். கஞ்சி இல்லாமல் வைத்தவை பெரும்பாலும் முழுசாக இருந்தன. நூலும் பழசு, துணிக்கு முன்னால் அது இற்றிருந்தது. அது நல்லதாகப் போயிற்று, பிரிக்கும்போது தானாகவே விட்டுக்கொடுத்தது.

ரவிக்கைக் கொக்கிகள் இருந்த இடமெல்லாம் துருக்கறை. பம்பாய் மழைக்காலத்து ஈரத்தில் இரும்புக் கொக்கி பெட்டிக்குள் இருந்தாலும் துருப்பிடிக்கும். இதற்கு எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவி வெயிலில் ஒரு மணி நேரம் காயவைத்து, பிறகு நன்றாக அலசினால் போதும். பிளீச்சிங் திரவம் மட்டும் வேண்டாம், அது துருவை இன்னும் அழுத்தமாக்கும், துணியையும் தின்னும். புதிதாக வைத்ததெல்லாம் பித்தளைக் கொக்கி. துவைப்பது, அந்துருண்டை வாசனை போக அலசுவது, இஸ்திரி போடுவது மூன்றையும் மகள் முகக்கவசம் போட்டுக்கொண்டு செய்தாள். கீமோ ஆரம்பித்தால் எதிர்ப்புச் சக்தி இறங்கிவிடும், அந்த நேரத்தில் பழைய பெட்டியின் தூசியும் பூஞ்சையும் என் மூக்குக்கு வேண்டாத சகவாசம். இஸ்திரிப் பெட்டியை நான் தொடவே இல்லை, கனமும் சூடும் ஒரே பொருளில்.

முதல் நைட்டியில் பிரித்தது நான், மிஷின் ஓட்டியது மகள், அதிகாரம் அத்தை. இடது கையால் துணியை இழுத்துப் பிடிக்க முடியாததால், துணி காயப்போடும் கிளிப்பால் ஒரு முனையைக் கட்டில் கம்பியில் மாட்டிக்கொண்டேன். பிறகு ஒரே கையால் பிரிக்கலாம். உள்பக்கத்திலிருந்து நாலு தையலுக்கு ஒன்றை அறுத்துக்கொண்டே போய், மறுபக்கத்து நூலை ஒரு முனையில் பிடித்து உருவினால் முழு நீளமும் வந்துவிடும். தையற்காரர்கள் பிளேடால் சரசரவென்று பிரிப்பார்கள். எனக்கு அது வேண்டாம், முனையில் சிவப்புக் குமிழ் வைத்த பிரிப்பான் கடையில் கிடைக்கிறது.

நைட்டியின் அமைப்பு இப்படி: மேலே யோக் என்கிற தோள்பகுதித் துண்டு, அதற்குக் கீழே சுருக்கம், நடுவில் திறப்போடு எட்டு இன்ச் பட்டி, அதற்குக் கீழே ஒரே அகலத் துணி. பட்டியை அடிவரை நீட்ட வேண்டும். இந்த ஓரிடத்தில் மட்டும் வெட்டித்தான் ஆக வேண்டும், அத்தையும் ஒப்புக்கொண்டார். நடுக்கோட்டை மடித்து இஸ்திரியால் தடம் பதித்து, இரண்டு பக்கமும் கால் இன்ச் தள்ளி ஓட்டுத் தையல் போட்ட பிறகே கத்தரி. ஓட்டுத் தையல் இல்லாவிட்டால் பழைய துணி வெட்டின வேகத்தில் பிரியத் தொடங்கும்.

பட்டிக்குத் துணி எங்கே? அடியில் மடித்திருந்ததை விட்டோம். மடிப்பு 3 இன்ச், அதற்குள் சுருட்டியது அரை இன்ச், ஆக மூன்றரை. மடிப்புக் கோட்டுக்குக் கீழே அரை இன்ச் மட்டும் விட்டு, 3 இன்ச் அகலத்துக்குச் சுற்றிலும் வெட்டி எடுத்தால் நைட்டியின் நீளம் குறையாது, விட்ட அரை இன்ச்சைச் சன்னமாக மடித்துத் தைத்துக்கொள்ளலாம். அடிச்சுற்று 88 இன்ச். திறப்பின் இரண்டு ஓரத்துக்கும் சேர்த்து வேண்டியது 85. அகலமும் கச்சிதம்: தையலுக்கு அரை, வெளியே ஒன்று, உள்ளே ஒன்று, மடக்க அரை. வெயிலே படாமல் உள்ளே இருந்த துணி என்பதால் பட்டி மட்டும் பளிச்சென்ற பழைய நீலம், நைட்டி வெளுத்த நீலம். வேண்டுமென்றே கரை வைத்த மாதிரி அமைந்துவிட்டது. பார்த்தவர்கள் எங்கே வாங்கினீர்கள் என்றுதான் கேட்டார்கள்.

மூடுவதற்கு டிச் பட்டன் வைக்கலாம் என்று மகள் சொன்னாள். அதை அழுத்த வேண்டியது நெஞ்சின் மேல். தையல் போட்ட இடத்தில் அழுத்திப் பார்த்தால்தான் தெரியும் அது என்ன வலி என்று. வெல்க்ரோ நூலையும் முடியையும் பிடித்துக்கொள்ளும், தோலைச் சுரண்டும். காஜா எடுக்க என்னால் முடியாது, மகளுக்குத் தெரியாது. கடைசியில் நாடா. கழுத்தில் ஒரு ஜோடி, பிறகு மார்புப் பகுதியை விட்டுவிட்டு விலாவுக்குக் கீழிருந்து மூன்று ஜோடி. கை இடுப்புயரத்தில் நன்றாகவே வேலை செய்யும், தூக்குவதுதான் கஷ்டம். அதனால் முடிச்சுப் போடுவதில் பிரச்சினை இல்லை.

குழாயின் டப்பாவுக்கு உள்பக்கம் ஒரு பை. இடுப்புக்குச் சற்றுக் கீழே, பக்கத் தையலோடு பிடித்து, மேல்வாய் திறந்தபடி 6 இன்ச்சுக்கு 7 இன்ச். டப்பா குழாய் வெளிவரும் இடத்தைவிடக் கீழே இருக்க வேண்டும், குழாய் மடங்கக் கூடாது, இந்த இரண்டையும் பார்த்துத்தான் இடம் குறித்தோம். எவ்வளவு வடிந்தது என்று தினமும் குறிக்கச் சொல்வார்கள், ஒரு நாளைக்குச் சுமார் 30 மில்லிக்குக் கீழே இறங்கினால் பெரும்பாலும் குழாயை எடுத்துவிடுவார்கள். குறிக்கும்போது டப்பாவை வெளியே எடுத்து உள்ளே வைக்கத் தோதாக வாய் அகலம் வேண்டும். இன்னொரு பையை நீள நாடாவில் தைத்து, உடுப்பு மாற்றும்போது இடுப்பில் கட்டிக்கொள்ள வைத்தோம். உண்மையில் அதிகம் உதவியது அதுதான்.

குழாய் போன பிறகு பிசியோதெரபிஸ்ட் மிஷினில் உட்கார அனுமதி கொடுத்தார், கொஞ்ச நேரம் தைத்தால் கொஞ்ச நேரம் ஓய்வு என்ற கணக்கில். உங்கள் காயமும் சிகிச்சையும் வேறு, உங்களுக்குச் சொல்பவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். கால் மிஷின் இந்த நிலைக்கு வசதியானது என்பது என் அனுபவம். சக்கரம் வலது பக்கம், பலம் காலில், இடது கை துணிக்கு வழி காட்டினால் போதும். இடது முழங்கைக்குக் கீழே ஒரு தலையணை. சுவரில் விரலால் ஏறுகிற பயிற்சி கொடுத்திருந்தார்கள், அதற்கும் தையல் சாக்கையே பயன்படுத்தினேன். மிஷினுக்குப் பக்கத்துச் சுவரில் அன்றன்றைக்கு விரல் எட்டிய இடத்தில் ஒரு கோடு. வீட்டுக்காரர் பெயிண்ட் அடிக்க வரும்போது என்ன சொல்வாரோ.

கீமோ காலத்தில் பெரிதாக எதுவும் தைக்கவில்லை. முடி கொட்டுவதற்கு முன்பே தொப்பிகள் தயாராக இருக்கட்டும் என்று ஒரு பழைய சுங்குடிப் பாவாடையைப் பிரித்தோம். தையல் வெளிப்பக்கம் இருக்கும்படி தைக்க வேண்டும், முடி போன தலையில் ஒரு நூல் முடிச்சுகூட உறுத்தும். அவ்வளவுதான் அதில் விசேஷம்.

பாக்லிடாக்ஸல் ஏற்றத் தொடங்கியதும் விரல் நுனிகள் மரத்துப்போயின. அந்த மருந்தின் தெரிந்த பக்கவிளைவு அது. ஊசி பிடித்திருக்கிறேனா, நழுவிவிட்டதா என்றே தெரியாது. தோல் உறை போட்டிருந்தும் கைத்தையலை அந்த வாரங்களில் நிறுத்தினேன், குத்தினால் தெரியாத விரலை நம்பி எப்படித் தைப்பது? இன்னொன்று, கால் விரல்களும் மரத்திருக்கும். தரையில் விழுந்த ஊசியை மிதித்தாலும் தெரியாது. பழுதான ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தத்தை ஒரு நாடாவில் கட்டி, எழுந்திருப்பதற்கு முன் மிஷினைச் சுற்றித் தரையில் இழுத்துவிட்டுத்தான் எழுந்தேன். வீட்டில் செருப்பு போட்டு நடப்பது அத்தைக்குப் பிடிக்காது. ஆனால் அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கதிர்வீச்சுக்குப் போகும்போது மாமாவின் ஜிப்பா கை கொடுத்தது. மல் துணி, துவைத்துத் துவைத்து உடம்பில் இருப்பதே தெரியாத அளவுக்கு மெத்தென்று ஆகியிருந்தது. கதிர் படுகிற தோல் வெயிலில் கருகினது மாதிரி ஆகும், கக்கத்திலும் மார்புக்குக் கீழ் மடிப்பிலும் அதிகமாக. அங்கே எலாஸ்டிக்கோ தடித்த தையலோ உரசக் கூடாது. ஜிப்பாவின் முன்பக்கத்தைத் திறந்து, கையை எடுத்துவிட்டு, தையலெல்லாம் வெளியே இருக்கும்படி திருப்பிப் போட்டு உள்சட்டை ஆக்கினேன். கதிர் கொடுக்கும் இடத்தைக் குறிக்கத் தோலில் மை போடுவார்கள், அது அழியக் கூடாது, அதனால் தேய்த்துக் குளிக்கவும் முடியாது. அந்த ஊதா மை துணியில் இறங்கினால் போகாது. புதுத் துணி வாங்கி அதை வீணாக்குவதைவிட மாமாவின் ஜிப்பாவே மேல்.

அந்த ஜிப்பாவைப் பிரிக்கும்போதுதான் கக்கத்துச் சதுரத்தைக் கவனித்தேன். பழைய முறை ஜிப்பாவில் கையும் உடம்பும் சேரும் இடத்தில் ஒரு சின்னச் சதுரத் துண்டை மூலைவாட்டில் வைத்துத் தைத்திருப்பார்கள். கையை மேலே தூக்கும்போது இழுக்காமல் இருக்க அது. எனக்கு ரவிக்கையில் வேண்டியிருந்தது சரியாக அதேதான்.

ரவிக்கைதான் பெரிய வேலை. சேலை கட்டுகிறவளுக்கு நைட்டியோடு வெளியே போக முடியுமா? தையல் உடுப்புகளிலேயே உடம்போடு மிக ஒட்டியது ரவிக்கை. மார்பின் அளவுக்குத் துணியைக் கூராக மடித்துப் பிடிக்கிற டாட், கைக்குழி இறுக்கம், கை ஓரம் இறுக்கம். மூன்றுமே இப்போது எனக்குப் பகை. அத்தை எனக்காகத் தைத்த டூ பை டூ ரவிக்கைகளில் நல்ல நிலையில் இருந்தவற்றை எடுத்து வைத்துக்கொண்டேன்.

ஒன்றைப் பக்கத்துத் தெருவில் இருக்கும் ஒரு தையற்கடையில் கொடுத்திருந்தோம், இடது கையை மட்டும் ஒரு இன்ச் விட்டுக் கொடுங்கள் என்று சொல்லி. விட்டுத்தான் கொடுத்தார். அப்புறம், சொல்லாமலே மிச்சத் துணியையெல்லாம் நறுக்கி, ஓவர்லாக் போட்டு, ‘நீட்டா முடிச்சிருக்கேன்’ என்று நீட்டினார். அத்தை அதை வாங்கி உள்பக்கம் புரட்டிப் பார்த்துவிட்டு மடியில் போட்டுக்கொண்டு வெகுநேரம் பேசவில்லை. பிறகு எனக்குக் கை வீங்கியபோது அந்த ரவிக்கைதான் முதலில் ஏறாமல் போனது. கடையில் கொடுப்பதானால், விடுங்கள் என்று மட்டும் சொன்னால் போதாது, மிச்சத்தை வெட்டாதீர்கள் என்றும் சொல்லுங்கள்.

மற்றவற்றை நானே எடுத்தேன். இடது பக்கத்தில் பக்கத் தையலும் கைத் தையலும் கக்கத்தில் சந்திக்கும் இடத்திலிருந்து, ஒவ்வொரு பக்கமும் இரண்டரை இன்ச் பிரிக்க வேண்டும். கைக்குழித் தையலையும் அதே போலச் சந்திப்பிலிருந்து இருபுறமும். கிடைக்கும் நான்கு முனை ஓட்டையில் மூன்றரை இன்ச் சதுரத்தை மூலைவாட்டில் வைக்கிறோம். இரகசியம் மூலையில் இருக்கிறது. ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியாகத் தைக்க வேண்டும், மூலைக்கு அரை இன்ச் முன்பே நிறுத்தி, நூலை அறுத்து, அடுத்த பக்கத்தைப் புதிதாகத் தொடங்க வேண்டும். ஒரே ஓட்டத்தில் திருப்பித் தைத்தால் மூலையில் சுருக்கம் விழும், அந்தச் சுருக்கம் சரியாகத் தழும்பின் மேல் உட்காரும். தையல் துணியை இருபுறமும் விரித்து அமுக்கி, ஓரத்தைச் சன்னமாகக் கைத்தையல் போட்டேன். நூல் பருத்தி நூல்தான். பாலியஸ்டர் நூல் வலுவானது, ஆனால் இழுவை வரும்போது அது அறாமல் பழைய துணி அறும். தையல் நெருக்கமும் வேண்டாம், ஒரு இன்ச்சுக்கு எட்டு ஒன்பது தையல் போதும். ஊசி 11ஆம் நம்பர்.

இப்போது டாட். வெளியே போகும்போது உள்ளே ஒரு செயற்கை மார்பு வைத்துக்கொள்வேன், வீட்டில் வைப்பதில்லை. அதனால் ரவிக்கைகளை இரண்டு வகையாகப் பிரித்துக்கொண்டேன். வீட்டு ரவிக்கையில் இடது பக்கத்து டாட்டுகளை முழுக்கப் பிரித்தேன். டாட் பிரிந்தால் துணி கூடும், குறையாது. டாட்டுக்குள் மடிந்திருந்த அகலம் முழுக்கப் பக்கத்துக்கு வரும், நீளமும் கொஞ்சம் கூடும். அந்த அகலத்தைப் பக்கத் தையலில் பிடித்துக்கொள்ளலாம், அல்லது என்னைப் போலக் கைக்குழியைத் தாராளமாக்க அப்படியே விடலாம். நீளத்தை மட்டும் இடுப்புப் பட்டியில் ஏற்றிக்கொள்ள வேண்டும். கழுத்து அந்தப் பக்கம் தொங்கும், குனிந்தால் தெரியும். அதற்குக் கழுத்து ஓரத்தில் மூலைவாட்டில் வெட்டி வைத்திருந்த கிராஸ் பீஸை இடது பக்கம் மட்டும் பிரித்து, ரவிக்கைத் துணியைக் கால் இன்ச் அளவுக்குச் சன்னமாகச் சுருக்கி மறுபடி பிடித்தேன்.

வெளியே போட்டுக்கொள்ளும் ரவிக்கையில் டாட் அப்படியே இருக்கிறது. உள்ளே மல் துணியில் ஒரு பை. பையைக் கைக்குழி, பக்கம், இடுப்புப் பட்டி மூன்றிலும் உள்ளே விட்ட துணியோடு மட்டும் சேர்த்து எம்மிங் போட்டேன். வெளியே ஒரு தையல்கூடத் தெரியாது. உள்ளே துணி விடாத ரவிக்கையில் இதைச் செய்யவே முடியாது. கொக்கிப் பட்டிப் பக்கம் வாய் திறந்திருக்கும், அதன் வழியாக உள்ளே நுழைக்கலாம். செயற்கை மார்பு குரோஷாவில் பருத்தி நூலால் பின்னி, உள்ளே ஃபைபர் பஞ்சு அடைத்தது. மும்பையில் இப்படிப் பின்னி இலவசமாகத் தருகிற தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். சிலிகானில் வருவதைவிட வெகு லேசு, இந்த ஊர் வெக்கையில் வியர்க்காது. லேசாக இருப்பதில் ஒரு தொல்லை, சேலைத் தலைப்பை இழுத்துச் சொருகினால் கூடவே மேலே ஏறும். சின்ன மல் பையில் கண்ணாடி மணிகளைப் போட்டு அடிப்பக்கம் செருகித் தைத்தேன். இப்போது அடங்கி உட்கார்ந்திருக்கிறது.

கைக்கு வருகிறேன். இன்ச் டேப்பின் மறுபக்கம் சென்டிமீட்டர் இருக்கிறதே, அதற்கு இப்படி ஒரு உபயோகம் வரும் என்று நினைத்ததில்லை. முழங்கைக்கு மேலே 10 சென்டிமீட்டரில் ஒரு அளவு, கீழே 10 சென்டிமீட்டரில் ஒரு அளவு, இரண்டு கையிலும். வித்தியாசம் 2 சென்டிமீட்டரைத் தாண்டினால் நிணநீர் வீக்கம் என்று பொதுவாக எடுத்துக்கொள்வார்கள். எனக்குத் தாண்டியது. மணிக்கட்டிலிருந்து மேல்கை வரை இறுக்கிப் பிடிக்கிற அழுத்த உறை போட்டுக்கொள்கிறேன். அதற்கு மேலே ரவிக்கைக் கை இறுக்கினால் அந்த இடத்தில் கயிறு கட்டின மாதிரி தடம் விழும், அதற்குக் கீழே வீங்கும். எனவே இடது கை ஓரம் வலதைவிட ஒரு இன்ச் தளர்வு. மாதத்துக்கு மாதம் அளவு மாறுவதால், அந்த ஒரு தையலை மட்டும் மிஷினில் போடுவதில்லை. கையால் நீளமான ஓட்டுத் தையல், வேறு நிற நூலில். பிரிக்க வேண்டியது எது என்று தேட வேண்டியதில்லை.

பட்டு ரவிக்கைகளை இன்னும் தொடவில்லை. பட்டில் பிரித்த தையலின் ஊசித் துளை மறையாது, கை அளவு ஒரு நிலைக்கு வரட்டும் என்று வைத்திருக்கிறேன். மங்கள்தாஸ் மார்க்கெட்டுக்கு ஒரு நடை போய் உள்ளே வைக்க நல்ல மல் துணியும் வாங்க வேண்டும். மாமாவின் ஜிப்பா கதிர்வீச்சோடு முடிந்துபோயிற்று, தோளில் கிழிந்துவிட்டது.

அதற்கு முன்னால் வேறொரு ஆர்டர் வந்திருக்கிறது. அத்தைக்குத் தோள் பிடித்துக்கொண்டு ஒரு வருஷமாக வலது கை மேலே போவதில்லை. இத்தனை நாளும் நைட்டியைத் தலைவழியாகப் போட என் மகளைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். போன வாரம் பெட்டியிலிருந்து தன்னுடைய பழைய நைட்டி ஒன்றைத் தானே எடுத்து என் மிஷின் மேல் வைத்தார்.

“எனக்கும் முன்னாடி முழுக்கத் தொறக்குற மாதிரி தச்சுக் குடு.”

“நாடா வச்சிரவா அத்தை?”

“நாடா எல்லாம் சின்னப் பிள்ளைக்கு. எனக்குப் பட்டன் வை. காஜா நான் எடுத்துக்கிடுதேன்.”